அளவுக்கு நின்றவள்

தொரீனாவின் உயரம் ஒரு மீட்டர் அறுபது. எங்கள் ஊரில் இது தெரியாதவர் கிடையாது. மேயர் பெயரைக் கேட்டால் சிலர் தலையைச் சொறிவார்கள்; தொரீனாவின் உயரத்தைக் கேட்டால் வழியில் காபி குடிக்க இறங்கும் லாரிக்காரன்கூடச் சொல்லிவிடுவான். எல்லாம் அவள் புருஷன் எர்மெஸ் செய்த வேலை. பேராலயங்களைப் படம் பிடிக்கிற பைத்தியம் அவனுக்கு. கோயில் எவ்வளவு பெரியது என்று படத்தில் தெரிய வேண்டுமென்றால் பக்கத்தில் உயரம் தெரிந்த ஒன்று நிற்க வேண்டுமாம். கட்டிக்கொண்டவளையே அளவுகோலாக்கிவிட்டான்.

நான் நீவெஸ். பேராலயச் சதுக்கத்தில், கோயில் வாசலுக்கு நேர் எதிரே காபிக்கடை வைத்திருக்கிறேன். என் கடைக்கு வெளியே கிடக்கும் மூன்றாவது மேசையிலிருந்து கோயில் வாசலில் தூணைச் சுமக்கும் சிவப்புக்கல் சிங்கம் வரைக்கும் நாற்பது தப்படி. இதையும் எர்மெஸ்தான் அளந்தான். அவனும் நானும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அப்போதே அவன் அப்படித்தான். வாத்தியார் வரைபடத்தைக் காட்டினால், இது எத்தனை மடங்கு சிறியது என்று எழுந்து கேட்பான்.

ரயிலில் டிக்கெட் பரிசோதிக்கிற வேலை அவனுக்கு. புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் ரயில் பாஸ் உண்டு. தொரீனா பின்தெருப் பாஸ்தா கடையில் பூசணிப் பூரணம் வைத்து மாவு மடிப்பவள். அவளுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. அவனும் அழுது அடம்பிடித்துத் திங்கட்கிழமையை வாங்கிக்கொள்வான். ஞாயிறு மாலை இரண்டு பேரும் ரயில் ஏறினால் தெற்கே ஏதாவது ஓர் ஊரில் விடியும். அவன் தோளில் முக்காலி, முதுகில் ஒரு பழைய மரக்கேமரா. அவள் கையில் சாப்பாட்டுப் பை.

"ஏன்டி, அவ்வளவு தூரம் போயி சும்மா நிக்கறதுக்கா போற?" என்று கேட்பேன்.

"சும்மாவா? நான் போயி நிக்கலன்னா அந்தக் கோயிலு எவ்வளவு பெரிசுன்னு எவனுக்குத் தெரியும்?" என்பாள்.

அவன் படம் எடுக்கும் விதத்தை என் கடை வாசலிலேயே எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். முக்காலியை நிறுத்திக் கேமராவை ஏற்றி, தலைக்கு மேல் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு உள்ளே போனால் அரை மணி நேரம் ஆள் வெளியே வரமாட்டான். கை மட்டும் வெளியே வரும். இடப்பக்கம் ஆட்டினால் தொரீனா இடப்பக்கம் நகர வேண்டும். விரலை விரித்துக் காட்டினால் மூச்சுகூட விடக்கூடாது. எல்லாம் முடிந்ததும் பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து வீசுவான். முடிந்தது, வா என்று அர்த்தம். அதற்குள் அவள் பத்துத் தடவை கத்தியிருப்பாள்.

"யோவ் எர்மெஸ்! உள்ளயே செத்துட்டியா?"

"அசையாத! அசைஞ்சா கோயில் கோணிக்கும்!"

"கோயில் எப்படிய்யா கோணிக்கும்? நான்தான் கோணிக்கிட்டு நிக்கறேன்!"

சதுக்கமே சிரிக்கும். அவள் மட்டும் நகரமாட்டாள்.

ஊர் திரும்பியதும் என் கடைக்கு வந்து உட்கார்ந்து போன இடத்தைப் பற்றிச் சொல்வாள். அவள் சொல்கிற பேராலயங்கள் எல்லாம் தரையிலிருந்து முழங்கால் உயரம் வரைக்கும்தான். மேலே இருக்கிற வட்ட ஜன்னலும் சிலைகளும் அவளுக்குத் தெரியாது. முதுகைக் காட்டித்தானே நின்றாள். ஆனால் எந்த வாசற்படி எத்தனை மணிக்குச் சுடும், எந்த வாசலில் உள்ளேயிருந்து மெழுகுவத்தி வாசனையோடு காற்று வரும் என்பது அவளுக்கு அத்துப்படி. ஒர்வியேத்தோ என்கிற ஊரில் சாயங்கால வெயில் சுவரில் விழுந்தால் நிற்கிறவர் கைகூடப் பொன்னிறம் ஆகிவிடுமாம். த்ரானியில் கோயில் கடலோரத்திலேயே நிற்கிறது. கண்ணை மூடிக்கொண்டால் அலைச்சத்தம் கோயிலுக்கு உள்ளிருந்து வருகிறது என்றாள். செஃபலூவில் வெயிலும் ஈச்சமர நிழலும் சேர்ந்து நின்றபடியே தூங்கிவிட்டாளாம். அந்தத் தூக்கத்தில் அவள் இன்னும் பெரிய ஒரு கோயிலின் வாசலில் நிற்பதாகக் கனவு வந்ததாம். அங்கேயும் எர்மெஸ் கைக்குட்டையை வீசினானாம். விழித்துப் பார்த்தால் நிஜமாகவே வீசிக்கொண்டிருந்தான்.

இப்படி முப்பத்தெட்டு வருஷம். மூவாயிரத்துச் சொச்சம் படங்கள். ஒவ்வொன்றிலும் மலை மாதிரிக் கோயில், அதன் காலடியில் அரிசி மணி அளவுக்கு தொரீனா.

பிறகு ஒரு மே மாதம் பூமி அதிர்ந்தது. எங்கள் பேராலயத்தின் முகப்பு மேலிருந்து கீழ்வரை விண்டுபோயிற்று. உச்சியிலிருந்து இரண்டு கற்கள் விழுந்தன; ஒன்று என் கடை மேசைக்கு மூன்றடி தள்ளி. நான் அன்றைக்கு மாதாவை அழைத்த அழைப்பு அடுத்த ஊருக்குக் கேட்டிருக்கும். இலையுதிர் காலத்துக்குள் முகப்பு முழுக்கச் சாரம் கட்டிவிட்டார்கள். சாரம் கட்டினால் அப்படியே அசிங்கமாக விட்டுவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம் இல்லை. கோயிலின் படத்தையே கோயில் அளவுக்குத் துணியில் அச்சடித்து மேலிருந்து கீழ்வரை தொங்கவிடுவோம். உள்ளே கொத்து வேலை நடக்கும், வெளியே துணிக்கோயில் நிற்கும்.

எங்கள் முகப்பை எர்மெஸ் எடுத்த அளவுக்கு நேராக யாரும் எடுத்ததில்லை. அவன் படம்தான் போயிற்று. ஒரு பிப்ரவரி காலையில், பனி விலகும் நேரத்தில் எடுத்தது. இடப்பக்கச் சிங்கத்தின் அருகில் தொரீனா சாம்பல் நிறக் கோட்டோடு, வெங்காயத்தாள் எட்டிப் பார்க்கும் பையோடு, வழக்கம்போல ஆடாமல் அசையாமல் நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் சுவரில் எங்கள் கல் தீர்க்கதரிசி, ஒரு கையைத் தூக்கி எதையோ சொல்லிக்கொண்டிருப்பவர். படத்தில் ஓர் ஆள் இருக்கிறார், அவரை நீக்கிவிட்டு அச்சடிக்கவும் என்று அச்சுக்கூடத்துக்குக் கடிதம் போயிற்று. தொலைவில் ஏதோ ஊரில் உட்கார்ந்திருந்த ஒரு புண்ணியவான் படத்தை உற்றுப் பார்த்தான். ஒன்று கையை வீசிப் பேசிக்கொண்டிருக்கிறது. இன்னொன்று கல்லாட்டம் நிற்கிறது. எது ஆள் என்று அவனுக்குச் சந்தேகமே வரவில்லை. தீர்க்கதரிசியை அழித்துவிட்டான்.

துணியை மேலே இழுத்து விரித்த அன்று ஊரே சதுக்கத்தில் நின்றது. மடிப்பு மடிப்பாகக் கோயில் இறங்கி வந்தது. கடைசி மடிப்பும் விரிந்தது. சிங்கத்தின் பக்கத்தில் தொரீனா, முழு ஆள் உயரத்துக்கு, வெங்காயத்தாளோடு.

எங்கள் கோயில் பங்குச் சாமியார் கலிஸ்தோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டார். "தீர்க்கதரிசி எங்கே?"

"ஆளுன்னு நெனச்சு அழிச்சிட்டாங்க சாமி," என்றேன்.

"அப்ப இது யாரு?"

"நம்ம தொரீனா. கல்லுன்னு நெனச்சு விட்டுட்டாங்க."

சாமியின் முகம் சிவந்துபோயிற்று. தொரீனா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு தன்னையே ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தாள்.

"எழுநூறு வருஷமா நின்னவரு சாமி. கொஞ்சம் உக்காரட்டும். அதுவரைக்கும் நான் பாத்துக்கறேன்," என்றாள்.

மறுபடி அச்சடிக்கக் காலம் ஆகும் என்றார்கள். இரண்டே வருஷம்தானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். கோயிலுக்குப் போகிறவர்கள் துணியில் விட்டிருந்த திறப்பு வழியாக, தொரீனாவை ஒட்டித்தான் உள்ளே நுழைய வேண்டும். கண் மங்கிய கிழவிகள் இரண்டு பேர் பழக்கதோஷத்தில் அவளைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார்கள். அதைக் கண்ட அன்று தொரீனா என் கடைக்குள் ஓடிவந்து, சிரிப்பை அடக்க முடியாமல் சர்க்கரை ஜாடியைக் கவிழ்த்துவிட்டாள்.

இரண்டாவது வருஷம் மார்ச் மாதம் அவள் போய்ச் சேர்ந்தாள். அதிக நாள் படுக்கவில்லை. வயிற்று வலி என்றாள், மருத்துவமனைக்குப் போனாள், ஆறு வாரத்தில் முடிந்துவிட்டது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்தத் திறப்பு வழியாக உள்ளே போனபோது, பக்கத்திலேயே அவள் வெங்காயத்தாள் பையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாய்விட்டு அழுதேன். எர்மெஸ் அழவில்லை. பெட்டிக்குப் பின்னால் போகிறவன் அவள் அருகில் வந்ததும் ஒரு நொடி நின்று, பிறகு உள்ளே போனான்.

அதற்கப்புறம்தான் விஷயமே. கல்லறைக் கல்லில் பதிக்க ஒரு முகப்படம் வேண்டும். எல்லாக் கல்லிலும் இருக்கிறது, என் புருஷன் கல்லில்கூட அசட்டுச் சிரிப்போடு இருக்கிறான். எர்மெஸ் பெட்டி பெட்டியாகப் படங்களை எடுத்து வந்து என் கடை மேசைகளில் பரப்பினான். நானும் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தேன். த்ரானி, ஒர்வியேத்தோ, பீசா, செஃபலூ. கல்லில் செதுக்கிய திராட்சைக் கொடியின் நரம்புகூடத் தெரிந்தது. தொரீனாவின் முகம் எதிலும் இல்லை. பெரிதாக்கிப் பார்த்தால் நாலைந்து சாம்பல் புள்ளிகள். கல்யாணப் படத்தில் முகத்திரைக்குள் இருந்தாள். அடையாள அட்டைப் படம் ஒன்றுதான் பாக்கி. அதில் அவள் திருடும்போது மாட்டிக்கொண்டவள் மாதிரி இருப்பாள். உயிரோடு இருக்கும்போதே அதை யாருக்கும் காட்டமாட்டாள்.

"மூவாயிரம் படம் நீவெஸ்," என்றான். "மூவாயிரத்துலயும் நிக்கறா. ஒண்ணுலயும் இல்ல."

கல்லில் முகப்படத்துக்கு விட்டிருந்த வட்டம் காலியாகவே நின்றது. மறுநாள் காலை அவன் வந்து மூன்றாவது மேசையில், கோயிலைப் பார்த்தபடி உட்கார்ந்தான். அடுத்த நாளும் வந்தான். அங்கிருந்து பார்த்தால் துணியில் இருக்கிற தொரீனாவுக்கு முகம் உண்டு என்பதை நான் மெல்லத்தான் புரிந்துகொண்டேன். கிட்டப் போனால் வெறும் புள்ளி, கட்டைவிரல் அகலத்துக்கு ஒவ்வொன்றும். தள்ளி வர வர அந்தப் புள்ளிகள் கூடிக்கொள்ளும். நாற்பது தப்படிக்கு வந்தால் அவள் வந்துவிடுவாள். பொறுமை இழந்த அந்த வாய், ஒரு பக்கம் தூக்கிய புருவம், யோவ் என்று கத்தப் போகிற முகம்.

"அப்ப இங்கருந்தே ஒரு படம் எடுத்துக் கல்லுல போட்டுடேன்," என்றேன்.

"எடுத்தேன். கேமராவுக்கு மங்கலாத்தான் தெரியுது. எனக்குத்தான் அவ தெரியறா."

அதற்குப் பிறகு அவன் கேமராவைத் தொடவில்லை. ரயில் பாஸ் இழுப்பறையில் கிடந்தது.

இரண்டு வருஷம் என்றது ஐந்தாயிற்று, ஏழாயிற்று. பணம் வரவில்லை என்றார்கள், கல் வரவில்லை என்றார்கள். ஊரே வாயில் வந்தபடி திட்டியது. ஒருவன் மட்டும் ஒவ்வொரு தாமதத்துக்கும் முகம் மலர்ந்து இன்னொரு காபி கேட்பான். காற்றடித்தால் துணிக்கோயில் மூச்சு விடும். தூண்கள் உப்பும், வட்ட ஜன்னல் சுருங்கி விரியும், தொரீனா ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி நிற்பாள். குளிர்கால மாலைகளில் உள்ளே விளக்கு எரியும்போது வேலையாட்களின் நிழல்கள் கல்லுக்குள்ளேயே ஏறி இறங்கும். நவம்பர் பனி வந்தால் முதலில் உச்சி மறையும், பிறகு ஜன்னல், பிறகு வாசல், பிறகு சிங்கம். கடைசியாக வெள்ளைவெளேர் என்ற ஒன்றுமில்லாத வெளியில் ஒரு பெண்பிள்ளை மட்டும் பையோடு நிற்பாள். அந்த மாதிரி காலைகளில் எர்மெஸ் காபியைத் தொடமாட்டான். நானும் பாத்திரம் கழுவுகிற சத்தத்தைக் குறைத்துக்கொள்வேன். அந்த நேரத்தில் அவள் இல்லை என்று யார் வந்து சொல்லியிருந்தாலும் நானே நம்பியிருக்கமாட்டேன்.

ஒன்பதாவது வருஷம் வேலை முடிந்துவிட்டது, ஜூன் மாதத் திருவிழாவுக்குள் சாரம் பிரிப்போம் என்றார் எஞ்சினியரம்மா மத்தில்தே. கெட்டிக்காரப் பெண்மணி, தலைக்கவசத்தைக் கழற்றாமலே காபி குடிப்பார். நான் ஒரு சுற்று ஒயின் இலவசமாக ஊற்றினேன். என் கஷ்டம் எனக்கு. துணியைப் பார்க்க எவன் வருவான், என் காபி எப்படி விற்கும்? மறுவாரமே, வேலை நிற்கிறது, மேல்வரிசைக் குட்டித் தூணில் விரிசல் என்று யாரோ எழுதிப் போட்டிருக்கிறார்கள், எல்லாவற்றையும் மறுபடி சோதிக்க நாலு மாதம் ஆகும் என்று சேதி வந்தது.

யாரோ என்ன யாரோ. எனக்குத் தெரியாதா? மூன்றாவது மேசைக்குப் போனேன்.

"நீதானே எழுதின?"

எர்மெஸ் காபிக் கோப்பையைப் பார்த்தான்.

"வாயைத் தொறந்து சொல்லு. விரிசலைப் பாத்தியா?"

"பாக்கல."

எனக்கு வந்ததே கோபம். "அவ செத்து ஏழு வருஷமாச்சுய்யா! நீ பாத்துக்கிட்டு உக்காந்திருக்கறது துணி! மழையில நனையற துணி! ஊர் பூரா கோயிலுக்குக் காத்துக்கிட்டு இருக்கு, நீ ஒருத்தன் துணியக் கட்டிக்கிட்டு அழறே!"

உள்ளே இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். எர்மெஸ் சத்தம் போடவில்லை. "அது எறங்கிட்டா அவ மொகம் எனக்கு இல்ல நீவெஸ்," என்றான். "கண்ண மூடினா கோயிலுதான் வருது. அவ வரமாட்டேங்கறா. நான் அவளப் பாக்கவே இல்ல. முப்பத்தெட்டு வருஷமா அளவுதான் பாத்தேன்."

என் வாயில் நானே ஒரு போடு போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது. உள்ளே போய், கழுவி வைத்த கோப்பைகளை மறுபடி கழுவினேன். எனக்கும் அவள் சிநேகிதிதான். துணி என்று சொன்ன வாய் அன்று முழுக்கக் கசந்தது.

நாலு மாதம் கழித்து எஞ்சினியரம்மா காபி குடிக்க வந்தபோது எர்மெஸ் எழுந்து தொப்பியைக் கழற்றினான்.

"அம்மா, அந்தத் தூணுல விரிசல் கெடையாது. நான்தான் பொய் எழுதினேன்."

"தெரியும். ஏறிப் பாத்தோமே, அந்தத் தூணு நல்லாத்தான் இருக்கு," என்றார் மத்தில்தே. "ஆனா ரெண்டு தூணு தள்ளி நெஜமாவே ஒண்ணு இருந்துச்சு. திருவிழா அன்னிக்கு யார் தலையிலயாச்சும் விழுந்திருக்கும். பொய்யச் சொல்லி ஒரு உயிரக் காப்பாத்திட்டீங்க. இனிமே சொல்லாதீங்க. சரி, எதுக்காக எழுதினீங்க?"

அவன் கையை நீட்டி எதிரே காட்டினான். அந்தம்மா அவன் தோளுக்குப் பக்கத்தில் குனிந்து அவன் கண் போகிற வழியாகப் பார்த்தார். ஒன்பது வருஷமாக அந்தத் துணிக்குப் பின்னாலேயே வேலை பார்த்தவர். இங்கே உட்கார்ந்து ஒருநாளும் அவளைப் பார்த்ததில்லை போலிருக்கிறது.

"அந்தத் துண்ட உங்களுக்கு வெட்டித் தரச் சொல்றேன்," என்றார்.

அக்டோபரில் ஒரு காலை துணி இறங்கியது. ஒன்பது வருஷத்துப் பனியும் மழையும் படிந்த கோயில் மடங்கி மடங்கிக் கீழே வர, பின்னாலிருந்து இன்னொரு கோயில் வெளியே வந்தது. அப்படி ஒரு வெள்ளை, அப்படி ஒரு இளஞ்சிவப்பு. எனக்குக் கை தட்டவும் மறந்துபோயிற்று. தீர்க்கதரிசி பழையபடி கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். கலிஸ்தோ சாமி அவரைப் பார்த்துக் கண் கலங்கினார். ஒரு கிழவி மட்டும், "எங்கே அந்தம்மாவைக் காணோம்?" என்று கேட்டாள். எர்மெஸ் சுருட்டிய துணியைத் தோளில் சாய்த்துக்கொண்டு யாரிடமும் பேசாமல் வீட்டுக்குப் போனான்.

மறுநாள் விடிந்ததும் அதே சுருளைத் தோளில் சுமந்துகொண்டு என் கடை வாசலில் வந்து நின்றான். ராத்திரி தூங்கின முகமாக இல்லை.

"என்னய்யா?"

"வீடு பத்தல நீவெஸ்."

"என்ன பத்தல?"

"சுவத்துல மாட்டினேன். எதிர்ச் சுவரு வரைக்கும் போய் நின்னேன். ஆறு தப்படிதான். வெறும் புள்ளி. கதவத் தொறந்துபோட்டு நடையில நின்னேன். அங்கயும் புள்ளிதான். படிக்கட்டுல எறங்கினா சுவரு மறைக்குது." சுருளை என் கதவோரம் சாய்த்து வைத்தான். "வீட்டுக்குக் கொண்டு போயி அவளத் தொலைச்சிட்டேன்."

நான் வாசலுக்கு வெளியே வந்து என் கடைச் சுவரை அண்ணாந்து பார்த்தேன். மேல்மாடியில் இரண்டு ஜன்னல்களுக்கு நடுவே வெறும் சுவர், கோயிலை நேராகப் பார்த்துக்கொண்டு. ஒரு மீட்டர் அறுபது என்ன, இரண்டு மீட்டருக்கே இடம் இருந்தது.

"ஏணிய எடு," என்றேன்.

இரண்டு கிழங்கள் ஏணியில் ஏறி ஆணியடித்ததைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. சாமி கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டு செபமாலை சொன்னார். ஒருவழியாக தொரீனா என் கடைக்கு மேலே நின்றுவிட்டாள். கீழே இருந்து பார்த்தால் வெறும் சாம்பல் கறை.

"போ. போய்ப் பாரு," என்றேன்.

எர்மெஸ் சதுக்கத்தைக் குறுக்கே கடந்து நடந்தான். தப்படியை எண்ணிக்கொண்டேதான் போயிருப்பான், பழக்கம் விடுமா? நாற்பது தப்படி முடிந்த இடத்தில் சிங்கம் இருந்தது. சிங்கத்தின் பக்கத்தில் நின்று, கோயிலுக்கு முதுகைக் காட்டித் திரும்பினான். திரும்பியவன் அப்படியே நின்றுவிட்டான். கால் மணி ஆயிற்று. காலைப் பனி அவன் முழங்காலைச் சுற்றிக்கொண்டிருந்தது. காபி ஆறுகிறது என்று இங்கிருந்து கத்தினேன். அசையவில்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது. இடுப்பில் கட்டிய ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் ஓடினேன்.

"தெரியறாளா?" என்றேன் மூச்சு வாங்க.

"தெரியறா."

"அப்புறம் என்னய்யா, செலை மாதிரி?"

"நான் இங்க நின்னதே இல்ல நீவெஸ்." அவன் எதிரே, என் கடையை, மூன்றாவது மேசையைப் பார்த்தபடி சொன்னான். "எந்த ஊர்லயும் நின்னதில்ல. இங்கருந்து அவ என்ன பாத்திருப்பா? ஒரு முக்காலி. ஒரு கறுப்புத் துணி. முப்பத்தெட்டு வருஷமா எல்லாக் கோயில் வாசல்லயும் நின்னு ஒரு கறுப்புத் துணியப் பாத்துக்கிட்டே இருந்திருக்கா. அவ மொகம் எங்கிட்ட இல்ல. என் மொகமும் அவகிட்ட இல்லாமத்தான் போயிருக்கு."

சொல்லிவிட்டு அழுதான். அடக்கத்தன்று அழாததெல்லாம் சேர்த்து அழுதான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் எனக்கு அது ஞாபகம் வந்தது. பல வருஷத்துக்கு முன் ஒரு மழைநாளில், கடையில் யாரும் இல்லாதபோது தொரீனா சொன்னது. யாரும் கேட்டதில்லை, எனக்கும் சொல்லத் தோன்றியதில்லை. கத்தத் தெரிந்த அளவுக்கு இப்படிப்பட்டதை எடுத்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

"ஒருநாள் அவகிட்டக் கேட்டேன்யா," என்றேன். "ஏன்டி இப்படிக் கால் கடுக்க நிக்கறே, உனக்கென்ன தலையெழுத்தான்னு. அதுக்கு என்ன சொன்னா தெரியுமா? படம் எடுத்து முடிச்சதும் அவன் துணிக்குள்ளருந்து தலைய வெளிய நீட்டுவான், முடியெல்லாம் கலைஞ்சு, கண்ணு கூச. அவ்வளவு பெரிய கோயிலு முன்னால நிக்குது, அத நிமிந்துகூடப் பாக்கமாட்டான். முதல்ல என்னைத் தேடுவான், எங்கயோ தொலைச்சிட்டவன் மாதிரி. கண்டுபிடிச்சதும் ஒரு சிரிப்பு சிரிப்பான் பாரு, அப்புறந்தான் கைக்குட்டைய எடுப்பான். அந்த மொகத்துக்காகத்தான்டி நிக்கறேன்னா. மூவாயிரம் தடவை பாத்திருக்கா எர்மெஸ்."

அவன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. எதிரே பார்த்துக்கொண்டே இருந்தான். பனி கொஞ்சம் கொஞ்சமாக விலகியது. லேசாகக் காற்று வந்தது. என் கடைக்கு மேலே தொரீனா ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி நின்றாள். இங்கிருந்து பார்க்க எனக்கும் நன்றாகத் தெரிந்தாள். அதே புருவம், அதே வாய்.

எர்மெஸ் கோட்டுப் பையில் கையை விட்டான். வெள்ளைக் கைக்குட்டையை எடுத்தான். கண்ணைத் துடைக்கப் போகிறான் என்று நினைத்தேன். துடைக்கவில்லை. தலைக்கு மேலே தூக்கி, மெதுவாக, இரண்டு தடவை அவளைப் பார்த்து வீசினான். பிறகு சிங்கத்தை விட்டு விலகி, அவளை நோக்கி நாற்பது தப்படியும் அவனே நடந்தான்.

நான் பின்னாலேயே போய் ஆறிப்போன காபியைக் கொட்டிவிட்டு வேறு காபி போட்டேன்.